ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர்களுக்கு: மருந்துக்கு அடங்காத கிருமி நோயாளியிடம் ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நமக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது. டாக்டர் பார்க்கிறார், சிஸ்டர் ஊசி போடுகிறார், இனி அவர்கள் பாடு என்று நினைத்துக்கொள்கிறோம். அப்புறம், எதற்காகச் சேர்த்தோமோ அது சரியாகிக்கொண்டு வரும் நேரத்தில், நாலாம் நாளோ ஆறாம் நாளோ நடுக்கத்தோடு காய்ச்சல் வருகிறது. டியூட்டி டாக்டர் வந்து பார்த்துவிட்டு "இன்ஃபெக்‌ஷன் மாதிரி இருக்கு, கல்ச்சர் அனுப்புறோம், ஆன்டிபயாடிக் மாத்தணும்" என்கிறார். திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு, வியாசர்பாடி என்று நம் வடசென்னைப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற குடும்பங்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு.

பெட்டுக்குப் பக்கத்தில் அட்டெண்டராக நிற்பவருக்காக இதை எழுதுகிறேன். மனைவி, மகன், மருமகள், தங்கச்சி, யாராக இருந்தாலும் சரி. இந்தக் கிருமிகளைத் தடுப்பதில் கூட இருப்பவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, ஆனால் யாரும் நம்மை உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் கை வழியாகவும் குழாய் வழியாகவும்தான் கிருமி ஏறுகிறது. ஆகவே கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், நோயாளியின் உடம்பில் போட்டிருக்கிற ஒவ்வொரு குழாயைப் பற்றியும் தினம் ஒரு தடவை "இது இன்னைக்கும் தேவையா?" என்று கேளுங்கள். மீதி எல்லாம் இதன் விவரம்.

உள்ளே இருக்கிற கிருமி ஏன் இவ்வளவு முரடு

சேர்த்து 48 மணி நேரம் கழித்து வருகிற தொற்றைப் பொதுவாக ஆஸ்பத்திரியில் பிடித்த தொற்று என்று கணக்கில் எடுப்பார்கள். ஆபரேஷன் புண்ணில் வருவது என்றால் 30 நாள் வரை, உள்ளே பிளேட்டோ செயற்கை மூட்டோ வைத்திருந்தால் 90 நாள் வரை. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ், ஈ.கோலை, எம்ஆர்எஸ்ஏ என்கிற ஒரு வகை ஸ்டெஃபைலோகாக்கஸ், இந்தப் பெயர்களைத்தான் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். ஒரு வார்டில் எந்த நேரமும் பல பேருக்கு ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும். அதில் சாகிற கிருமி செத்துவிடும், தாக்குப்பிடித்தது பெருகும். அதோடு, மருந்தை எதிர்க்கும் மரபணுவை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றவும் முடியும், அது வேறு இனமாக இருந்தாலும் கூட. அதனால்தான் வெளியில் பிடிக்கிற யூரின் இன்ஃபெக்‌ஷனும் வார்டில் பிடிக்கிற யூரின் இன்ஃபெக்‌ஷனும் ஒன்றல்ல.

இது எங்கேயோ நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் முதல் பெயராக இருந்த ஒரு கட்டுரை வந்தது. மெரோபெனம் மாதிரியான உயர்நிலை ஊசிகளையே உடைத்துவிடும் என்டிஎம்-1 என்ற நொதியைச் சுமக்கும் கிருமிகளைப் பற்றியது. சென்னையிலிருந்து மட்டும் அப்படி 44 கிருமி மாதிரிகள் அதில் இருந்தன. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் இதே ஊரில் கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தச் சென்னைப் பிரகடனம் என்ற திட்டத்தை வகுத்தன. உலகம் முழுக்க 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. எழுதும்போதே மனசு கனக்கிற எண் இது.

சேர்க்கும் முன்பும், முதல் நாளும்

தேதி குறித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால் உங்கள் கையில் நேரம் இருக்கிறது. சுகர் இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவர இப்போதே டாக்டரிடம் கேளுங்கள், சுகர் ஏறிக் கிடக்கிற உடம்பில் புண் ஆறுவதும் தாமதம், சீழ் பிடிப்பதும் சுலபம். பீடி, சிகரெட்டை எவ்வளவு முன்னால் நிறுத்துகிறீர்களோ அவ்வளவு நல்லது. முந்தின இரவோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளிக்கவையுங்கள். ஆபரேஷன் பண்ணும் இடத்தில் வீட்டிலேயே பிளேடு வைத்து முடியை மழிக்காதீர்கள். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், கிருமி அதில்தான் உட்காரும். முடி எடுத்தே ஆக வேண்டும் என்றால் அங்கே டிரிம்மர் மாதிரி மிஷினில் வெட்டிவிடுவார்கள். 

இன்னொன்று, ஆபரேஷனுக்கு முன் கத்தி வைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போடுவது வழக்கம், பெரும்பாலான ஆபரேஷன்களில் 24 மணி நேரத்துக்கு மேல் அது தேவைப்படாது. "எதிர் பெட்டுக்காரருக்கு அஞ்சு நாள் போட்டாங்க, எங்களுக்கு ஒரு நாளோட நிறுத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு நாளோடு நிறுத்துகிற டாக்டர் சரியாகத்தான் செய்கிறார்.

முதல் நாள் கேஸ் ஷீட் எழுதும்போது மூன்று விஷயத்தைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கடந்த மூன்று மாதத்தில் என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார், இதற்கு முன் எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், பழைய கல்ச்சர் ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா. காய்ச்சலுக்கு மெடிக்கலில் "ரெண்டு செட்டு மாத்திரை" வாங்கிப் போட்டதைச் சொல்ல நிறைய பேர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாதீர்கள், திட்டினாலும் பரவாயில்லை. சமீபத்தில் எந்த மருந்து உள்ளே போனதோ அதற்கு அடங்காத கிருமி உடம்பில் இருக்க வாய்ப்பு அதிகம், முதல் ஊசியைத் தேர்ந்தெடுக்க டாக்டருக்கு இருக்கிற பெரிய துப்பு அதுதான். அட்டை காலியாகியிருந்தால் கடைக்காரரிடம் பெயரைக் கேட்டு வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். நம் வீடுகளில் ஒரே ஆள் தொடர்ந்து கூட இருக்க முடியாது. ராத்திரி அக்கா இருப்பார், காலையில் ஹார்பர் ஷிப்ட் முடித்து மச்சான் வருவார், லாரி நெரிசலில் மாட்டி அவர் வந்து சேர்வதற்குள் டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்துவிடும். என்ன குழாய் எந்தத் தேதியில் போட்டார்கள், என்ன ஆன்டிபயாடிக் எப்போது ஆரம்பித்தது, கல்ச்சர் எப்போது அனுப்பினார்கள், டாக்டர் என்ன சொன்னார், இதெல்லாம் அந்த நோட்டில் இருக்கட்டும். ஆள் மாறினாலும் தகவல் அறுந்து போகாது.

கை

கிருமி தானாக எழுந்து பெட்டுக்கு பெட்டு போகாது. கைதான் கொண்டுபோகிறது, டாக்டர் கை, சிஸ்டர் கை, நம் கை. கையுறை போட்ட கையும் கைதான், ஒரே உறையோடு இரண்டு பேரைத் தொட்டால் அதுவும் கடத்தும். 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டில் பரிசோதனைக்கு முன் எல்லோரும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயம் ஆக்கியதும் தாய்மார்கள் சாவது மளமளவென்று குறைந்தது. கிருமி என்று ஒன்று இருப்பதே சரியாகத் தெரியாத காலம் அது. இன்றைக்கும் இதைவிட மலிவான தடுப்பு கிடையாது.

சானிடைசர் என்றால் உள்ளங்கை நிறைய எடுத்து, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் படும்படி 20 முதல் 30 விநாடி, கை தானாகக் காயும் வரை தேய்க்க வேண்டும். லேசாகத் தொட்டுத் துடைத்துக்கொள்வது கணக்கில் வராது. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. மோதிரம், வளையல், கையில் கட்டின கயிறு, இதற்கடியில் கிருமி தங்கும், முடிந்தவரை கழற்றி வைத்துவிட்டு இருங்கள். நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ கையில் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு பட்டாலோ சானிடைசர் போதாது, சோப்புதான். ஆன்டிபயாடிக் ஓடும்போது வருகிற ஒரு வகை வயிற்றுப்போக்குக் கிருமியின் விதைகள் ஆல்கஹாலுக்குச் சாவதில்லை.

எப்போது கழுவ வேண்டும்? நோயாளியைத் தொடும் முன், சாப்பாடு ஊட்டும் முன், டயப்பர் மாற்றின பின், யூரின் பையைக் காலி செய்த பின், பெட்டின் கம்பியையோ மேஜையையோ தொட்ட பின், டீக்கடைக்குக் கிளம்பும்போது, திரும்பி வந்ததும். பக்கத்து பெட் பாட்டிக்கு யாரும் இல்லையென்றால் தண்ணீர் பிடித்துக் கொடுப்பதும் எழுப்பி உட்காரவைப்பதும் நம் ஊர்ப் பழக்கம். அதை விடச் சொல்லவே மாட்டேன், அந்த மனசுதான் நம் வார்டுகளைத் தாங்குகிறது. ஆனால் பாட்டியைத் தொட்டுவிட்டு உங்கள் ஆளைத் தொடுவதற்கு நடுவில் ஒரு தடவை கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டாக்டரும் சிஸ்டரும் கை சுத்தம் செய்யாமல் வந்தால்? கேட்கலாம். ஒரு சிஸ்டர் எத்தனை பெட்டைப் பார்க்கிறார் என்பதை நீங்களே கண்ணால் பார்க்கிறீர்கள், அதனால் குற்றம் சொல்கிற குரலில் வேண்டாம். பெட் பக்கத்தில் ஒரு சானிடைசர் பாட்டிலைத் தொங்கவிட்டு, அவர் வரும்போது எடுத்து நீட்டி "சிஸ்டர், இதோ இருக்கு, கொஞ்சம் போட்டுக்கிறீங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். முகம் சுளித்தாலும் நமக்கு நஷ்டம் இல்லை.

கைக்கு அடுத்து, கை படுகிற இடங்கள். அசினெட்டோபாக்டர் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பெட் கம்பி, மேஜை, ட்ரிப்ஸ் ஸ்டாண்டு இவற்றை எதில் துடைக்கலாம் என்று வார்டில் கேட்டுத் தினம் துடையுங்கள். உங்கள் செல்போனையும். அதைத்தான் நாள் முழுக்கத் தடவிக்கொண்டே இருக்கிறோம். வார்டு சிங்க்கைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் சிங்க்கின் வடிகுழாயில் படலமாகப் படிந்து வாழும். மீந்த கஞ்சி, பால், ஹார்லிக்ஸை அதில் கொட்டினால் அது அவற்றுக்குச் சாப்பாடு. டிபன் பாத்திரத்தைக் கை கழுவும் சிங்க்கில் கழுவாதீர்கள், டம்ளரையும் ஃபீடிங் கப்பையும் சிங்க் ஓரத்தில், தண்ணீர் தெறிக்கிற இடத்தில் வைக்காதீர்கள்.

பார்க்க வருபவர்கள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிப் பழகின பெரியவர்கள் உள்ள குடும்பங்களில், போய்ப் பார்க்காமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். பிஸ்கட்டும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு மொத்தத் தெருவும் வரும். வரட்டும், வெளியே உட்கார்ந்து பேசிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போகட்டும், பெட்டில் உட்கார வேண்டாம், சளி காய்ச்சல் இருப்பவரும் கைக்குழந்தையும் வேண்டவே வேண்டாம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரி பிரசவ ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை இருக்கிறது என்றால் இதை இரட்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும், தேன், சர்க்கரைத் தண்ணீர் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது, தொப்புளில் எதுவும் பூசக் கூடாது. எடை குறைந்த குழந்தையைத் தாய் தன் நெஞ்சோடு தோல் படும்படி வைத்துக்கொள்வதும் தாய்ப்பாலும் தொற்றைக் குறைக்கும் என்பது நிரூபணமான விஷயம்.

குழாய்கள்

இங்கேதான் உங்கள் நோட்டுக்கு அதிக வேலை. யூரின் டியூப், கையில் போடும் வென்ஃப்ளான், கழுத்தில் போடும் சென்ட்ரல் லைன், மூக்கு வழியாகப் போகும் ரைல்ஸ் டியூப், வென்டிலேட்டர் டியூப், எல்லாமே தோலும் தொண்டையும் போட்டிருக்கிற காவலைத் தாண்டி உள்ளே போகிற வழி. பிளாஸ்டிக் மேல் கிருமி படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து அதற்குள் சரியாக நுழையாது, பல நேரம் குழாயை எடுத்தால்தான் காய்ச்சலே விடும். எனவே தேவை முடிந்த குழாய் ஒரு நாள் கூட அதிகமாக இருக்கக் கூடாது.

முதலில் யூரின் டியூப். ஆபரேஷனுக்காகப் போட்டதை எடுக்க மறந்து போவது சாதாரணமாக நடக்கிறது. சில நேரம் நமக்கும் அது வசதி, எழுப்பி பாத்ரூம் கூட்டிப்போக வேண்டாமே என்று. அந்த வசதிக்கு விலை உண்டு, டியூப் இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி ஏறும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. காலை ரவுண்ட்ஸில் கேளுங்கள்: "டாக்டர், அப்பாவுக்கு யூரின் டியூப் இன்னைக்கு எடுத்துடலாமா? நான் யூரின் கேன் வச்சுப் பாத்துக்கிறேன்." அந்த இரண்டாவது வாக்கியம் முக்கியம், வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று தெரிந்தால் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள்.

எடுக்க முடியாது என்றால், பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பார்கள், கவனித்திருப்பீர்கள். அப்போது பையில் இருக்கிற பழைய யூரின் திரும்ப உள்ளே ஓடும். நீங்களே பையைக் கையில் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு கூட நடந்து போங்கள். டியூப் மடங்காமல், நோயாளியின் தொடைக்கு அடியில் நசுங்காமல் இருக்கட்டும். பையைக் காலி செய்யும்போது அடிக்குழாய் பாத்திரத்தில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து பெட்டுக்குப் பயன்படுத்தின பாத்திரத்தை வாங்கிப் பிடிக்காதீர்கள். டியூபும் பையும் சேரும் இடத்தைக் கழற்றவே கூடாது. தினம் ஒரு தடவை டியூப் நுழையும் இடத்தைச் சோப்பும் தண்ணீரும் வைத்துச் சுத்தம் செய்தால் போதும்.

வென்ஃப்ளான் போட்ட இடத்தை ஒவ்வொரு ஷிப்டிலும் பாருங்கள். சிவப்பு, வீக்கம், தொட்டால் வலி, நரம்பு கயிறு மாதிரி தடித்திருப்பது, பிளாஸ்டர் நனைந்து அவிழ்ந்திருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ட்ரிப்ஸ், ஊசி எல்லாம் நின்று மாத்திரைக்கு மாறியாகிவிட்டது, ஆனால் வென்ஃப்ளான் மட்டும் கையிலேயே இருக்கிறது என்றால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். சென்ட்ரல் லைன் ஆபத்து இன்னும் அதிகம், அதில் வருகிற தொற்று நேராக ரத்தத்தில் போகும். மருந்து ஏற்றும் முன் சிஸ்டர் அதன் வாயை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் தேய்த்துக் காயவிட வேண்டும்.

வென்டிலேட்டரில் இருப்பவரை ஐசியுவில் சில நிமிஷம்தான் பார்க்க விடுவார்கள். அந்த நேரத்தில் அழுகைக்கு நடுவிலும் ஒன்றைக் கவனியுங்கள், தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா என்று. மயக்க மருந்தைக் குறைத்து, மிஷினிலிருந்து எடுக்க முடியுமா என்று இன்றைக்குப் பார்த்தார்களா என்று கேளுங்கள். வார்டில் பக்கவாதத்தோடு படுத்திருப்பவருக்கும் இதே கதைதான். படுக்கவைத்தபடியே கஞ்சியோ இளநீரோ புகட்டாதீர்கள், அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். ரைல்ஸ் டியூபில் கொடுத்தாலும் தலைமாட்டை உயர்த்தி, முடித்த பிறகு அரை மணி நேரமாவது அப்படியே வையுங்கள். வாயைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்கள், படுக்கைப் புண் வந்தால் அதுவும் கிருமிக்கு ஒரு வாசல்.

கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

காய்ச்சல் வந்ததும் ரத்தமோ யூரினோ சளியோ எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று சோதிப்பதுதான் கல்ச்சர். ஆன்டிபயாடிக் மாற்றும் முன் எடுத்தால்தான் கிருமி சரியாக வளரும், அதனால் "கல்ச்சருக்கு எடுத்துட்டீங்களா சிஸ்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிபி இறங்கி, மூச்சு வாங்கி, ஆள் சோர்ந்து கிடக்கிறார் என்றால் மட்டும் இதற்காக ஊசியைத் தாமதிக்கக் கூடாது, அந்த நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்தால் "ஏன் இவ்வளவு ரத்தம் எடுக்குறீங்க" என்று தடுக்காதீர்கள். ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்தது தோலில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்கலாம், இரண்டிலும் ஒரே கிருமி என்றால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

முதல் தகவல் ஒன்றிரண்டு நாளில் வரும், மருந்துப் பட்டியலோடு முழு ரிப்போர்ட் வர மூன்று நாள் போல ஆகும். அதுவரை ஓடுவது ஒரு ஊகத்தில் ஆரம்பித்த மருந்து. ரிப்போர்ட் வந்ததும் அதைப் பார்த்துத் திருத்த வேண்டும், இந்தத் திருத்தம் நடக்கிறதா என்பதில்தான் கூட இருப்பவரின் விழிப்பு பெரிய உதவி. தேதியை நோட்டில் குறித்து வைத்து, மூன்றாம் நாள் காலை "கல்ச்சர் வந்துடுச்சா டாக்டர், அதைப் பாத்து மருந்து மாத்தணுமா, குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். 'குறைக்க' என்ற வார்த்தையைச் சேர்த்துக் கேளுங்கள். பெரிய ஊசியில் ஆரம்பித்தது சாதாரண மருந்துக்கே அடங்கும் கிருமி என்று தெரிந்தால், சாதாரண மருந்துக்கு இறங்குவதுதான் நல்ல வைத்தியம். அது சிக்கனத்துக்காகச் செய்வதல்ல, கிருமிகளுக்குப் பெரிய மருந்து பழகாமல் இருக்கச் செய்வது.

ரிப்போர்ட்டில் கிருமியின் பெயருக்குக் கீழே மருந்துகள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது, ஐ என்றால் இடைப்பட்டது, அளவைக் கூட்டியோ இடத்தைப் பொறுத்தோ கேட்கலாம். கொலிஸ்டின் என்று வேறு வழியில்லாதபோது போடும் ஒரு மருந்து உண்டு, அதற்குப் பக்கத்தில் ஐ என்று பார்த்துப் பதறாதீர்கள். 2020 முதல் அமெரிக்கத் தர விதிகளைப் பின்பற்றும் லேப்களில் அதற்கு எஸ் என்ற பிரிவே கிடையாது. சில ரிப்போர்ட்டில் எம்ஐசி என்று எண் போட்டிருப்பார்கள், கிருமி வளராமல் தடுக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச மருந்தளவு அது. ஒரு மருந்துக்கு 1, இன்னொன்றுக்கு 4 என்றால் 1 உள்ளதுதான் பலமானது என்று நினைக்க வேண்டாம், ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. அதை வைத்து எந்த மருந்து என்று நாமே முடிவு செய்து டாக்டரிடம் வாதாடுவது உதவாது. 

அதே மாதிரி, கிருமி வளர்ந்துவிட்டது என்பதாலேயே மருந்து போட வேண்டும் என்றும் இல்லை. ஒரு மாதம் டியூபோடு இருப்பவரின் யூரினில் கிட்டத்தட்ட எப்போதும் கிருமி வளரும். காய்ச்சலோ நடுக்கமோ அடிவயிற்று வலியோ இல்லாமல், யூரின் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்பதற்காக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். வீணாகப் போடுகிற அந்த ஒரு கோர்ஸ்தான் அடுத்த தடவை எதுவும் கேட்காத கிருமியைக் கொண்டுவருகிறது.

"பெரிய ஆன்டிபயாடிக் போடணும்" என்று சொன்னால்

மெரோபெனமும் கேட்கவில்லை, கொலிஸ்டின் போடப்போகிறோம் என்று சொல்கிற கட்டம் பயமாகத்தான் இருக்கும். கொலிஸ்டின் 1940-களில் கண்டுபிடித்த பழைய மருந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் ஒதுக்கி வைத்திருந்து, வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தார்கள். கோழி, கால்நடைத் தீவனத்தில் அதைச் சேர்ப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்ததும் அதைக் காப்பாற்றத்தான். இப்போது கேட்க வேண்டியவை: எந்த இடத்துத் தொற்று, கிருமியின் பெயர் என்ன, எத்தனை நாள் கோர்ஸ், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எப்போதெல்லாம் பார்ப்பீர்கள், தொற்றுக்குக் காரணமான குழாயை எடுத்தாயிற்றா, உள்ளே சீழ் கட்டியிருந்தால் அதை வெளியேற்ற வேண்டுமா. கடைசி இரண்டும் மருந்தின் அளவுக்கு முக்கியம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாளைக்கு மருந்துச் செலவு எவ்வளவு என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள், முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்று அங்குள்ள காப்பீட்டு மேஜையில் விசாரியுங்கள்.

நாமாகப் போய் "ஹை பவர் ஊசி போடுங்க டாக்டர், காசு பிரச்சினை இல்லை" என்று நிற்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்துக்காகவே எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நோயாளியைத் தனி அறைக்கோ ஓரத்துப் பெட்டுக்கோ மாற்றி, கவுனும் கையுறையும் போட்டுத்தான் உள்ளே வரச் சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மற்ற பெட்டுக்குப் போகாமல் தடுக்க அதுதான் வழி. அம்மாவைத் தொடலாமா, கையைப் பிடித்துக்கொள்ளலாமா? தாராளமாக. ஆரோக்கியமாக இருப்பவருக்கு இந்தக் கிருமிகளால் ஆபத்து குறைவு, சொன்னபடி கவுனும் கையுறையும் போட்டு, முன்னும் பின்னும் கை கழுவினால் போதும். கீமோ எடுப்பவர், பச்சைப் புண் உள்ளவர், கைக்குழந்தை மட்டும் தள்ளி இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் சம்மரியில் கிருமியின் பெயரும் கொடுத்த ஆன்டிபயாடிக்கும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டால் எழுதிக் கேளுங்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. 

மாத்திரை எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நாள். காய்ச்சல் விட்டதும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பயத்தில் இன்னும் ஒரு அட்டை வாங்கி நீட்டவும் வேண்டாம். மிச்சம் இருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், சிங்க்கிலும் கொட்டாதீர்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். 2014 மார்ச் முதல் செஃபிக்ஸிம், செஃப்போடாக்ஸிம் மாதிரி பல ஆன்டிபயாடிக் எச்1 பட்டியலில் இருக்கின்றன, கடைக்காரர் சீட்டைப் பார்த்து, நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் பதிவேட்டில் எழுதி அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எழுதாமல் கொடுக்கிற கடையில் வாங்காதீர்கள். வைரஸ் காய்ச்சலுக்கும் சளிக்கும் இவை வேலையே செய்யாது.

ஆபரேஷன் புண்ணை 30 நாள் தினமும் பாருங்கள், பிளேட், மூட்டு வைத்திருந்தால் 90 நாள். சிவப்பு பரவுவது, சூடு, சீழ், தையல் விரிவது, வலி குறையாமல் கூடுவது, காய்ச்சல், இதில் எது வந்தாலும் மெடிக்கலுக்குப் போகாமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், குழப்பமாகப் பேசுவது, வேக வேகமாக மூச்சு விடுவது, யூரின் குறைவது, கை கால் சில்லிட்டுப் போவது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம். டியூபோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அதை எந்தத் தேதியில் மாற்ற வேண்டும், யார் மாற்றுவார்கள் என்று கேட்டு வாங்கி காலண்டரில் எழுதுங்கள், சந்தேகத்துக்கு 104-க்கு போன் செய்யலாம்.

அந்த நோட்டையும் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் போட்டு, போனிலும் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த தடவை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கேஸ் ஷீட் எழுதுகிற டாக்டரிடம் முதலில் அந்த ஃபைலைக் கொடுங்கள்: "போன தடவை அம்மாவுக்கு யூரின்ல கிளெப்சியெல்லா வந்துச்சு டாக்டர், இந்த மருந்தெல்லாம் கேட்கலை, ரிப்போர்ட் இதுல இருக்கு."